தும்பி இறங்கும் நேரம்

தாங்டோர்
அசார் மாதம் 24

காஞ்சா,

நேற்று நான் ஆபாவைக் கீழே போட்டுவிட்டேன்.

பதறாதே, எலும்பு எதுவும் முறியவில்லை. நெற்றியில் உருளைக்கிழங்கு அளவுக்கு ஒரு வீக்கம். எனக்கு முழங்கால் சிராய்ப்பு. நேற்று மட்டும் வெள்ள எச்சரிக்கைச் சங்கு மூன்று தடவை ஊதியது. முதல் இரண்டு தடவையும் அவரை முதுகில் சுமக்கும் டோக்கோக் கூடையில் உட்காரவைத்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து மேடுவரை இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறினேன். மூன்றாம் தடவை மழை. நூற்றுநாற்பதாவது படியில் பாசி வழுக்கிவிட்டது.

விழுந்து கிடந்தபடியே அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அம்பது வருஷம் கண்டவன் மூட்டையெல்லாம் சொமந்தேன். ஒரு மூட்டையக்கூட கீழ போட்டதில்ல. நீ ஒரு மாசத்துலயே போட்டுட்டியே மாயா!" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாதம் வந்து வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போன நம் அப்பாவுக்கு நாக்கு மட்டும் எப்படித்தான் பிழைத்ததோ.

மேலே போய் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சங்கு தானாக நின்றுவிடும். ஏரியும் உடைந்திருக்காது, ஒன்றும் ஆகியிருக்காது. உன்னுடைய ட்ரோன் கீழே இறங்கி மறுபடி ஏறியிருக்கும், அவ்வளவுதான். டீக்கடை வாங்டி அதற்குத் தும்பி என்று பேர் வைத்திருக்கிறான். "தும்பிக்குக் கால் வலிச்சா நமக்குக் கால் போகுது" என்கிறான். ஊரே சிரிக்கிறது. மூன்று நாளாக ஊரில் பாதிப் பேர் ஏறுவதில்லை.

டவர் மலைச்சரிவில் விழுந்து ஒரு மாதமாயிற்று. போனில் மணி மட்டும்தான் பார்க்கிறோம். உனக்குப் பெட்ரோல் சுமக்கிற நோர்சாங்கின் கோவேறு கழுதைகள்தான் தபால்காரர்கள். கத்தாரில் ஏழு வருஷம் இருந்தாய், அப்போதாவது தினமும் முகம் காட்டினாய். இப்போது இரண்டு நாள் நடையில் இருக்கிறாய், உன் குரல் கேட்டு ஒரு மாதமாகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் தம்பி. இந்த வெறும் சங்கை நிறுத்து. ஏரி உடைந்தால் மட்டும் ஊதட்டும்.

புல்மாயா

---

மேல் ஏரி முகாம்
அசார் 27

தீதி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வீக்கத்துக்கு என்ன போட்டாய்? தலைசுற்றல் இருந்தால் படுக்கவைத்தே வை. நோர்சாங்கிடம் மாத்திரை கொடுத்தனுப்பியிருக்கிறேன், காலையில் ஒன்று போதும்.

நீ கேட்டதைச் செய்ய முடியாது. ஏன் என்று எழுதுகிறேன், முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

ஏரிக்குள் தண்ணீர் மட்டம் பார்க்கிற கருவி இருக்கிறது. அது சொல்வதைத் தாங்டோருக்குக் கடத்திக்கொண்டிருந்தது அந்த டவர்தான். அது நின்ற மலைமுகடே இப்போது உதிர்ந்துகொண்டிருக்கிறது, யாரும் ஏற முடியாது. மழைக்காலம் முடிந்துதான் புது டவர். அதுவரை தும்பிதான் டவர். நூறு மீட்டர் உயரத்தில், முகட்டுக்கு மேலாக உங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வாலில் ஒரு வயர், அதன் வழியாகக் கரண்டு போகிறது. நான் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து, வயரைப் பிடித்து விடவில்லை என்றால் அது ஏறாது. நின்று நின்று மோட்டார் கொதிக்கும்போது இறக்கி ஆறவைக்க வேண்டும். காற்று கூடினாலும் இறக்க வேண்டும்.

அதில் பேச்சு போகாது தீதி, போனால் உன்னிடம் பேசமாட்டேனா? நிமிடத்துக்கு ஒரு தடவை 'சரி' என்ற ஒரே ஒரு சேதி போகும். ஐந்து நிமிடம் அந்த 'சரி' வரவில்லை என்றால் உங்கள் சங்கு தானாக ஊதும். காத்மாண்டு இஞ்சினியர் பஜ்ரா சார் வைத்த ஏற்பாடு அது. "நல்ல சேதி வரலைன்னா கெட்ட சேதின்னுதான் எடுத்துக்கணும் கர்சாங்" என்பார். இங்கே நாங்கள் இரண்டே பேர், கூடாரமும் ஒன்றுதான், அதனால் இதைத் தினமும் கேட்கிறேன்.

அவர் சொல்வது சரி. ஏரி உடைந்தால் முதலில் அடித்துக்கொண்டு போவது இந்த முகாமைத்தான். அப்போது சேதி அனுப்ப யார் இருப்பார்கள்? நாங்கள் வாயடைத்துப் போவதே உங்களுக்குச் சேதி.

சின்ன வயதில் ஆடு மேய்க்க வரும்போது ஏரிக்கரையில் கத்தக்கூடாது என்று ஆபா சொல்வார், கத்தினால் ஏரிக்குக் கோபம் வரும் என்று. எனக்கு இருபத்தொன்பது வயது, இன்னும் இங்கே மெல்லத்தான் பேசுகிறேன். பஜ்ரா சார் முதலில் சிரித்தார். இப்போது அவரும் மெல்லத்தான் பேசுகிறார். ஏரியின் அந்தக் கரையில் பனிப்பாறை விரிசல் விட்டிருக்கிறது. சாயங்காலத்தில் அது முனகுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது தீதி. அதனால் சங்கு ஊதினால் ஏறு.

கர்சாங்

---

தாங்டோர்
அசார் 30

காஞ்சா,

ஏறு என்று எழுதிவிட்டாய். உன் பஜ்ரா சாரை வந்து ஆபாவைச் சுமக்கச் சொல்லு.

வாங்டி பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறி, சங்கின் வாய்க்குள் கம்பளியைத் திணித்துவிட்டான். நான்தான் போய் உருவினேன். "ஒனக்கென்ன தீதி, ஒன் தம்பி சம்பளம் வாங்குறான். எங்களுக்கு மூட்டுவலிதான் மிச்சம்" என்று ஊர் நடுவில் கேட்டான். நான் திருப்பிக் கொடுத்தது உனக்கு வேண்டாம், நம் அம்மா இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

அதைவிடப் பெரியது ஆபா. நேற்றுக் கூடையைக் கிட்டே கொண்டுபோனேன், இடக்கையால் தள்ளிவிட்டார். "நான் வரல. நீ போ. நெசமாவே தண்ணி வந்தா ஒருத்தர் போறதுதான் நியாயம், ரெண்டு பேர் போறது நஷ்டம்" என்றார். கெஞ்சினேன், திட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

நான் போகவில்லை. சங்கு ஊத ஊத அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே ஆற்றுச் சத்தம். அது கூடுகிறதா, வழக்கம்தானா என்று காதைத் தீட்டிக்கொண்டு பன்னிரண்டு நிமிடம். என் உயிர் என் கையில் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் இப்போது ஓடினால் தப்பிக்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது, அதை ஆபா பார்த்துவிடக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். சங்கு நின்றபோது என் கை மரத்துப்போயிருந்தது.

மேட்டிலேயே தங்கிவிடலாமே என்று எழுதாதே. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே பதினான்கு குடும்பம், தலைமாட்டில் இன்னொருவர் கால். ஆபாவுக்கு அங்கே வெளிக்குப் போக வழியில்லை.

நீ படித்தவன். ஏதாவது யோசி. அடுத்த தடவை ஊதும்போது எது நிஜம், எது உன் தும்பியின் மூட்டுவலி என்று எனக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் ஆபாவைக் கட்டியாவது தூக்கிக்கொண்டு போவேன்.

புல்மாயா

---

மேல் ஏரி முகாம்
சாவுன் மாதம் 2

தீதி,

நீ அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை எழுதிய பக்கத்தைப் பஜ்ரா சாரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவரும் கலங்கியிருப்பார், ஆனாலும் சங்கைத் தொடவிடமாட்டார்.

ஒரு வழி தோன்றியிருக்கிறது. மோட்டார் கொதிக்கக் கொதிக்க இறக்குவதை விட்டுவிட்டு, கொதிப்பதற்கு முன்னாலேயே நேரம் வைத்து இறக்கப்போகிறேன். காலையில் பத்து மணி, சாயங்காலம் நாலு மணி. இருபது நிமிடத்தில் மறுபடி ஏற்றிவிடுவேன். காற்று அடித்தால் வயரைச் சுருக்கித் தாழ்வாக நிறுத்திச் சமாளிக்கிறேன், முழுக்க இறக்கமாட்டேன். இன்று செய்து பார்த்தேன், நடக்கிறது.

ஆக, பத்துக்கும் நாலுக்கும் ஊதுகிற சங்கு என்னுடையது. அதற்கு யாரும் ஏற வேண்டாம். வேறு எந்த நேரத்தில் ஊதினாலும் ஒரு நொடிகூட நிற்காதீர்கள், ஆபாவைத் தூக்கிக்கொண்டு ஓடு.

நேரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வாங்டி கடையில் ஒட்டச் சொல். இனிக் கம்பளியைத் திணிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல். பஜ்ரா சாருக்கு இந்தத் தாள் பற்றித் தெரியாது. தெரிந்தால் என் வேலை போகும், அது பெரிதில்லை. எனக்குப் பதில் வருகிறவனுக்குத் தாங்டோரில் ஆபா இருக்கமாட்டார், அதுதான் பெரிது.

கர்சாங்

---

தாங்டோர்
சாவுன் 8

என் தங்கக் காஞ்சா,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். ஊர் பிழைத்தது.

வாங்டி தாளைக் கடை வாசலில் ஒட்டி, மழை படாமல் மேலே பிளாஸ்டிக்கும் அடித்துவிட்டான். நாலு நாளாகப் பத்துக்கும் நாலுக்கும் தவிர ஒரு ஊதல் இல்லை. ஆபா மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்குகிறார். கூடையைக் கூரைக் கம்பில் மாட்டிவிட்டேன், அதில் கோழி ஏறி முட்டை வைத்திருக்கிறது.

இன்னொரு கூத்து கேள். உன் சங்கு இப்போது எங்களுக்குக் கடிகாரம். பத்து மணிச் சங்குக்கு எருமைகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நாலு மணிச் சங்குக்கு வாத்தியார் திண்ணை வகுப்பை விடுகிறார், வாங்டி அடுப்பை மூட்டுகிறான். "தும்பி டீ குடிக்க எறங்கிருச்சு, நாமளும் குடிப்போம் வாங்க" என்று கூப்பிடுவான். சங்கு காதைக் கிழிக்கிறது, அதற்கு மேலே சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு எல்லாரும் டீ குடிக்கிறோம். ஆற்றோரம் அந்த நேரத்தில் நாற்பது ஐம்பது பேராவது இருப்போம். முன்பெல்லாம் அத்தனை பேர் திருவிழாவுக்குத்தான் கூடுவார்கள்.

நேற்று ஆபாவையும் வாசலுக்குத் தூக்கிவந்து உட்காரவைத்தேன். டீயை உறிஞ்சிக்கொண்டே, "சங்கு ஊதுறப்ப இப்படிச் சும்மா ஒக்காந்திருக்கறது ராஜா மாதிரி இருக்கு" என்றார்.

நீ எப்போது இறங்கி வருவாய்? நோர்சாங் கிளம்புகிறான். உனக்கு முட்டையும் காய்ந்த கீரையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சாருக்கும் கொடு, பாவம், ஊர் விட்டு ஊர் வந்தவர்.

உன் தீதி

---

மேல் ஏரி முகாம்
சாவுன் 9

தீதி,

இதை வாங்கியதும், படித்து முடிக்கும் முன்பே, வாங்டி கடைக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்துப் போடு.

நேற்று நாலு மணிக்குத் தும்பியை இறக்கினேன். இறக்கிய ஏழாவது நிமிடம் அந்தக் கரைப் பனிப்பாறையிலிருந்து நம் வீடுபோல் பத்து வீடு அளவுக்கு ஒரு துண்டு ஏரிக்குள் விழுந்தது. அலை எழும்பி இந்தக் கரையில் மோதியது. கரையைத் தாண்டித் தண்ணீர் வழிந்ததை என் கண்ணால் பார்த்தேன். மணலும் கல்லுமாகக் குவிந்த கரை இது, யாரும் கட்டிய அணை அல்ல. தண்ணீர் ஒரு தடவை வழி கண்டுபிடித்தால் அதை அகலமாக்கிக்கொண்டே போகும். நாங்கள் இரண்டு பேரும் கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி நின்றோம். சார் ஏதோ மந்திரம் முணுமுணுத்தார். நான் ஆபா பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகு அவர்தான் சொன்னார்.

வழிந்தது நின்றது. இருபதாவது நிமிடம் தும்பியை ஏற்றியபோது மட்டம் பழையபடி இருந்தது. தும்பி 'சரி' என்று அனுப்பியது. உங்கள் சங்கு நின்றிருக்கும்.

அந்த இருபது நிமிடமும் சங்கு உண்மையைத்தான் சொன்னது தீதி. நான்தான் அதை நம்பாதே என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளுக்கு இரண்டு தடவை, நேரம் குறித்து, உங்கள் கண்ணைக் கட்டிவிட்டேன். தண்ணீருக்கு என் நேரப் பட்டியல் தெரியாது. இது எனக்கு ஏன் அப்போது உறைக்கவில்லை? உன் கடிதத்தைப் படித்ததும் உன்னை அந்தப் பயத்திலிருந்து வெளியே எடுத்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

நோர்சாங் எப்போது வருவான் என்று பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை பத்துக்கும் நாலுக்கும் இறக்காமல் வேறு நேரத்தில் இறக்கலாம் என்று பார்த்தேன். இறக்கினால் ஒன்றுமில்லாததற்கு ஊரே ஓடும், ஆபா மறுபடி விழுவார். மோட்டார் கொதிக்கிறது, பழைய நேரத்திலேயே இறக்குகிறேன்.

தாளைக் கிழி. எல்லாருக்கும் சொல். திட்டு வாங்கினால் என் பேரைச் சொல்.

கர்சாங்

---

மேல் ஏரி முகாம்
சாவுன் 13, மத்தியானம் பன்னிரண்டு

தீதி,

நோர்சாங் பத்தாம் தேதி உன் கடிதத்தோடு வந்தான். முட்டை ஒன்றுகூட உடையவில்லை. நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாற்பது ஐம்பது பேர், ஆற்றோரம், நாலு மணிக்கு.

மறுநாளே என் ஒன்பதாம் தேதிக் கடிதத்தோடு அவனை விரட்டினேன். நேற்றுத் திரும்பி வந்துவிட்டான். பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சரிந்து ஆற்றில் கிடக்கிறதாம். இன்று கழுதைகளை இங்கேயே விட்டுவிட்டு, ஆட்டுத்தடம் வழியாக முகட்டின் மேலே ஏறி வருகிறேன் என்கிறான். மூன்று நாள் ஆகலாம். இரண்டு கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

இன்று காலை கரையின் அடியில் தண்ணீர் கசிகிறது. நேற்று தெளிவாக இருந்தது, இன்று கலங்கலாக வருகிறது. கலங்கல் என்றால் உள்ளே மண் கரைகிறது. மட்டம் மட்டும் இன்னும் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. தொட்டால்தான் கருவி தானாகச் சங்கை ஊதவைக்கும். சார் சாட்டிலைட் போனில் காத்மாண்டில் கேட்டார். கவனித்துக்கொண்டிருங்கள் என்றார்களாம். அவருக்கும் முகம் வெளுத்திருக்கிறது. "கோட்டைத் தொடாம நான் ஊரக் கெளப்பினா அடுத்த தடவ யாரும் ஓடமாட்டாங்க கர்சாங்" என்கிறார். என்னிடமே சொல்கிறார், பாவம். தாளைப் பற்றி இப்போதுதான் அவரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அளவுகோலை எடுத்துக்கொண்டு கசிவைப் பார்க்கக் கரையடிக்கு இறங்கிப் போய்விட்டார்.

இங்கிருந்து உங்களுக்கு ஒரு சொல்கூட அனுப்ப முடியாது. என்னால் முடிந்தது அந்த 'சரி'யை அனுப்பாமல் இருப்பது ஒன்றுதான். காலையில் பத்து மணிக்கு இறக்கவில்லை. மோட்டார் தீய்ந்தாலும் பரவாயில்லை என்று ஒரு மணிவரை நிறுத்துகிறேன். அதற்கு முன்னால் ஊதினால் பத்து மணிச் சங்குதான் தாமதம் என்று இருந்துவிடுவீர்கள்; ஒரு மணிக்கு இறக்குவேன், பிறகு ஏற்றமாட்டேன். பட்டியலில் இல்லாத நேரம். நீங்கள் ஓடுவீர்கள். அதன்பின் நாலு மணிக்கு என்ன நடந்தாலும் நீங்கள் மேட்டில் இருப்பீர்கள்.

ஒன்றும் நடக்காவிட்டால் ஊரே என்னைக் காறித் துப்பட்டும். அதற்காக நான் இறங்கி வந்து எல்லார் முன்னாலும் நிற்கிறேன். அப்படி நிற்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்றுதான் கும்பிடுகிறேன்.

தும்பியை இறக்கியதும் கரையடிக்குப் போய் சாரை மேலே கூட்டிவர வேண்டும். அவர் அங்கே தனியாக நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆபாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

உன் காஞ்சா

---

தாங்டோர், பள்ளிக்கூடத்து மேடு
சாவுன் 17

காஞ்சா,

உன் இரண்டு கடிதமும் நேற்றுச் சாயங்காலம் கிடைத்தன. நோர்சாங்கின் கால் இரண்டும் பிளந்து ரத்தமாக இருக்கிறது. உன்னைப் பற்றிக் கேட்டேன். பதின்மூன்றாம் தேதி முகட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் இடிபோல ஒரு சத்தம் கேட்டதாம், திரும்பிப் பார்த்தால் கீழே முழுக்கப் பனிமூட்டமாம். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு மணிக்கு மேல் சங்கு ஊதியது. "இது நேரமில்லையே" என்று வாங்டிதான் முதலில் கத்தினான். நான் கூடையை இறக்கினேன். ஆபா இந்தத் தடவை மறுக்கவில்லை, தானே இடக்கையால் கம்பைப் பிடித்து ஏறிக்கொண்டார். படியில் வாங்டி என்னிடமிருந்து பட்டையைப் பிடுங்கித் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு அவரைச் சுமந்தான். "ஆபா, என்ன கனம் கனக்கறீங்க, மக முட்டையா போடறாளா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினான். ஒரு மனிதர்கூடக் கீழே மிச்சமில்லை. அத்தனை பேரும் ஓடினோம்.

பிறகு உட்கார்ந்திருந்தோம். சங்கு நிற்கவே இல்லை. இரண்டு மணி, மூன்று மணி. மழை. குழந்தைகள் அழுதன. ஆறு வழக்கம்போல்தான் ஓடியது. முணுமுணுப்பு ஆரம்பித்தது. யாரோ கைபேசியைப் பார்த்து "நாலாச்சு" என்றார்கள். வாங்டி எழுந்தான். "நாலு மணிச் சங்குதான் இது. காஞ்சா தும்பி காலைலயே கெட்டுப்போயிருக்கும், அதான் இப்படி ஊளையிடுது. நான் போய் அடுப்ப மூட்டறேன், கொழந்தைங்களுக்கு சூடா ஏதாவது வேணும்" என்றான். அவனோடு நாலு பேர் இறங்கினார்கள். நான் தடுத்தேன். கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, வாயால் மட்டும்தான் தடுத்தேன்.

நாலு இருபதுக்கு வந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. மண்ணும் மரமும் வீடளவு கல்லும் சேர்ந்து எழுந்து நின்று நடந்து வந்தது. இறங்கிய ஐந்து பேரில் மூன்று பேர் படிக்கு ஓடிவந்துவிட்டார்கள். வாங்டியும் அவனுடைய மச்சானும் வரவில்லை. நம் வீடு இல்லை, கடை இல்லை, ஆற்றோரத்தில் ஒரு சுவர்கூட இல்லை. ஊரில் மற்ற முந்நூற்றுப் பத்துப் பேரும் மேட்டில் இருக்கிறோம்.

வாங்டியின் பெண்டாட்டி என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். "அவரு அந்தத் தாள நம்பினாரு தீதி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு என் மடியில் தலை வைத்து அழுதாள். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை காஞ்சா. உன்னிடம் மறைக்கவும் எனக்கு வரவில்லை. தாளை எழுதியது நீ, எழுதவைத்தது நான். வாங்டியை நினைத்து நீ அழும்போது எனக்கும் பாதி வைத்துவிட்டு அழு.

இப்போது சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு நாளாக அது நிற்கவில்லை. முதல் நாளே எல்லாரும் அதன் வயரை அறுக்கச் சொன்னார்கள். வெள்ளம்தான் போய்விட்டதே, காது செவிடாகிறதே என்றார்கள். நான் சங்கின் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டேன். தும்பி ஏறினால்தான் அது நிற்கும், ஆள் இருந்தால்தான் தும்பி ஏறும் என்று நீ எழுதியிருக்கிறாய். இது கத்துகிறவரை உன்னைக் காணோம் என்று அர்த்தம், இது நின்றால் நீ இருக்கிறாய் என்று அர்த்தம். வேறு வழியில் எனக்கு யார் சொல்வார்கள்? மூடுபனியில் ஹெலிகாப்டர் வரவில்லை. நேற்று முதல் சங்கின் குரல் கம்மிப்போயிற்று, வெயில் இல்லாமல் பாட்டரி இறங்குகிறது என்று வாத்தியார் சொன்னார். அதைவிடப் பெரிய பயம் எனக்கு எதுவுமில்லை. அது நின்றால் நீயா, பாட்டரியா என்று எப்படித் தெரிந்துகொள்வேன்?

இந்த இடம்வரை காலையில் எழுதினேன். கொஞ்சம் முன்பு சங்கு நின்றது.

நான் பெட்டியைவிட்டு நகர்ந்தேன். வாத்தியார்தான் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன விளக்கு இருக்கிறது, சேதி வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு, பாட்டரி போனால் ஒன்றும் எரியாதாம். பச்சை எரிகிறது. "காஞ்சா இருக்கான்!" என்று நான் கத்திய கத்தில் தொண்டை போய்விட்டது. ஊரே கத்தியது. வாங்டியின் பெண்டாட்டிகூட என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆபா மட்டும் கத்தவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெல்லக் கேட்டார், "மேல எத்தன பேர் இருந்தாங்க மாயா?"

இரண்டு பேர். நீ கரையடிக்கு அவரைக் கூப்பிடப் போனாய். தும்பியை ஏற்றத் தெரிந்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும்தான். பச்சை விளக்கு ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொல்கிறது. இரண்டு பேருமே இருக்கலாம் என்கிறார் வாத்தியார். அப்படியே இருக்கட்டும். ஆனால் நான் காஞ்சா என்று கத்தியபோது இன்னொருவரை என் மனதில் சாகவிட்டுத்தான் கத்தினேன், அது எனக்குத் தெரியும். அவருக்கும் காத்மாண்டில் யாராவது விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நோர்சாங்கால் நடக்க முடியாது. நாளைக் காலையில் மூன்று பேர் முகட்டு வழியாக மேலே வருகிறார்கள். இந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடுக்கிறேன். காஞ்சா, நீ இதைப் பிரித்தால் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, அப்படியே கிளம்பி வா.

பஜ்ரா சார், நீங்கள் பிரித்திருந்தால், இதுவரை படித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீங்கள் பிழைத்ததற்காக நான் உங்களைத் திட்டமாட்டேன், சத்தியம். தும்பியை ஏற்றியதற்கு இந்த ஊர் உங்களைக் கும்பிடுகிறது. ஆனால் கடிதமாக எழுதி அனுப்பாதீர்கள் சார், நேரில் வந்து சொல்லுங்கள். வந்ததும் முதலில் என்னைத் தனியாகக் கூப்பிடுங்கள். மேலே இருப்பது காஞ்சாதான் என்று ஆபாவிடம் சொல்லிவிட்டேன்.

புல்மாயா